பழைய பிக்கப்புக்குப் புதிய பின் ஆக்ஸில்: யு-ஜாயின்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

1947 முதல் 1954 வரை அமெரிக்காவில் விற்பனையான ஷெவர்லே 3100 வகை அரை டன் பிக்கப்புகளைப் பழுதுபார்த்து இன்றும் ஓட்டுபவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் செய்யும் பெரிய மாற்றங்களுள் ஒன்று, பழைய பின் ஆக்ஸிலைக் கழற்றிவிட்டுப் பிற்காலத்து வண்டி ஒன்றின் ஆக்ஸிலைப் பொருத்துவது. பழைய ஆக்ஸிலின் பல் விகிதம் 4.11, அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் 4.11 முறை சுற்ற வேண்டும். டயரின் உயரம் 28 அங்குலம் என்று கொண்டால், மணிக்கு 60 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,960 சுற்று சுற்ற வேண்டும். பண்ணைச் சாலையில் மெதுவாகச் சுமை இழுக்க ஏற்ற இந்த விகிதம், இன்றைய நெடுஞ்சாலையில் பழைய ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கதற வைத்துவிடும். 3.55 விகித ஆக்ஸிலைப் போட்டால் அதே வேகத்துக்கு ஏறக்குறைய 2,560 சுற்றே போதும்.

ஆக்ஸிலை மாற்றுவது என்றால் நான்கு போல்ட்டைக் கழற்றி நான்கு போல்ட்டை மாட்டும் வேலை என்று நினைத்து இறங்குபவர்கள் கியர்பாக்ஸுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில்தான் திகைத்து நிற்பார்கள். அந்தப் பழைய வண்டியில் கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் ஒரு தடித்த குழாய்க்குள் மூடப்பட்டிருக்கும். டார்க் டியூப் எனப்படும் அந்தக் குழாயின் பின்முனை ஆக்ஸிலோடு இறுக்கமாகப் பிணைக்கப்பட்டிருப்பதால், பின்பக்கத்தில் யு-ஜாயின்டுக்கே (ஷாஃப்ட் வளைந்த கோணத்திலும் சுழல உதவும் மூட்டுக்கே) வேலை இல்லை. முன்பக்கத்தில் கியர்பாக்ஸின் வாலை ஒட்டி, ஒரு உருண்டை மூடிக்குள் ஒளிந்திருக்கும் ஒரே ஒரு ஜாயின்ட்தான் உண்டு. சக்கரங்கள் வண்டியை முன்னே தள்ளும் விசையும் ஆக்ஸில் முறுக்கிக்கொள்ள முயலும் விசையும் இந்தக் குழாய் வழியாகவே சேசிஸுக்குப் போய்ச் சேரும். புதிய ஆக்ஸில் வந்ததும் இந்த ஏற்பாடு முழுவதும் போய்விடுகிறது. திறந்த ஷாஃப்ட் ஒன்றும், அதன் இரு முனைகளிலும் இரண்டு ஜாயின்டுகளும், வால் பகுதியில் ஸ்லிப் யோக் (ஜாயின்டைப் பிடிக்க இரு காதுகள் கொண்ட, முன்னும் பின்னும் நழுவும் கவை) ஏறக்கூடிய வேறொரு கியர்பாக்ஸும் தேவைப்படுகின்றன. முறுக்கு விசையை இனி லீஃப் ஸ்பிரிங்குகளே தாங்க வேண்டும். எந்த ஜாயின்டை வாங்குவது என்ற கேள்வி அந்த வண்டிக்கு முதன்முறையாக இங்கேதான் எழுகிறது.

இந்த வேலைக்குப் பலரும் தேடிப் போவது 1995 முதல் 2001 வரை வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல ஆக்ஸில் (அந்த அளவு உள்ளிருக்கும் பெரிய பல்சக்கரத்தின் விட்டம்). பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடங்களில் மலிவாகக் கிடைக்கும், டிஸ்க் பிரேக்கோடு வரும், 31 பல் கொண்ட அரை ஷாஃப்டுகள் உறுதியானவை, 3.55, 3.73, 4.10 ஆகிய விகிதங்களில் கிடைக்கும். ஏறத்தாழ 59½ அங்குல அகலம் அந்த பிக்கப்புக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். சக்கர போல்ட்டுகளின் அமைப்பு முன் சக்கரத்தோடு ஒத்துப்போகாது என்பது தனிக் கதை. இக்கட்டுரை இந்த ஆக்ஸிலையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. அளக்கும் முறை எந்த ஆக்ஸிலுக்கும் ஒன்றுதான்.

யு-ஜாயின்ட் என்பது கூட்டல் குறி வடிவில் அடித்துச் செய்த ஓர் எஃகுத் துண்டு. நம் ஊர் லாரிப் பட்டறைகளில் கிராஸ் என்று கேட்டு வாங்கப்படும் அதே பொருள். அதன் நான்கு கைகளின் நுனியிலும் ஒவ்வொரு கப் ஏறியிருக்கும். கப்புக்குள் மெல்லிய ஊசி பேரிங்குகள் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். எதிரெதிரான இரண்டு கைகள் ஷாஃப்டின் யோக்கில் உட்கார, மற்ற இரண்டு கைகள் கியர்பாக்ஸின் யோக்கிலோ ஆக்ஸிலின் யோக்கிலோ உட்காரும். கப் வெளியே நழுவாமல் இருக்கச் சர்க்ளிப் என்னும் வில் வளையம் உண்டு. சில ஜாயின்டுகளில் சர்க்ளிப் யோக்கின் காதுக்குள் வெட்டிய காடியில், கப்பின் வெளிமுகத்தை ஒட்டி அமரும். வேறு சிலவற்றில் காதின் உட்பக்கமாக, கப்பின் மேலேயே வெட்டிய காடியில் அமரும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் அளந்தால் வாங்கும் பொருள் நிச்சயம் தவறாகிவிடும்.

ஜாயின்டுகளுக்குத் தொடர் எண்கள் உண்டு. இந்த வகை ஜாயின்டை வண்டித் தொழிலுக்குக் கொண்டுவந்தவர் கிளாரன்ஸ் ஸ்பைசர்; 1903-இல் காப்புரிமை பெற்று, மறு ஆண்டே நியூ ஜெர்சியில் உற்பத்தியைத் தொடங்கினார். அவர் பெயரால் வழங்கும் தொடர்களே இன்றும் அமெரிக்க வண்டிகளுக்குப் பொது அளவாக இருக்கின்றன. அரை டன் வண்டிக்குத் தேவைப்படுபவை பெரும்பாலும் மூன்று. 1310 தொடரில் கப்பின் விட்டம் 1.062 அங்குலம், அதாவது 27 மில்லிமீட்டர். ஒரு கப்பின் வெளிமுகத்திலிருந்து எதிர்க் கப்பின் வெளிமுகம் வரையிலான அகலம் 3.219 அங்குலம், அதாவது ஏறக்குறைய 81.8 மில்லிமீட்டர். 1330 தொடரில் கப்பின் விட்டம் அதேதான், ஆனால் அகலம் 3.625 அங்குலம், ஏறக்குறைய 92.1 மில்லிமீட்டர். 1350 தொடரில் அகலம் 1330-க்குச் சமம், கப்பின் விட்டம் மட்டும் 1.188 அங்குலம், ஏறக்குறைய 30.2 மில்லிமீட்டர். இதற்கும் மேலே 1410 போன்றவை உண்டு. அவை கனரக பிக்கப்புகளுக்கு உரியவை.

இந்த அளவுகளிலிருந்தே பலத்தையும் ஓரளவு ஊகிக்கலாம். ஷாஃப்ட் கடத்தும் முறுக்கு விசை ஒன்றாகவே இருக்கும்போது, கிராஸின் கைகள் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி நீள்கின்றனவோ அந்த அளவுக்குக் கையின் நுனியில் விழும் சுமை குறையும். 1310-ஐ விட 1330 அகலமானது என்பதால் அதே முறுக்கில் அதன் பேரிங்கின் மேல் விழும் சுமை ஏறக்குறைய 11 விழுக்காடு குறைவு. 1350-இல் அந்த ஆதாயத்தோடு கையின் பருமனும் கூடுவதால் அது வேறு தரத்துக்குப் போய்விடுகிறது.

எதை வாங்குவது என்பதை வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்பதில் பயனில்லை. எழுபது ஆண்டு பழைய சேசிஸ், வேறொரு வண்டியின் கியர்பாக்ஸ், இன்னொரு நிறுவனத்தின் ஆக்ஸில் என்று மூன்று இடத்திலிருந்து வந்து சேர்ந்த வண்டிக்குப் பொருத்தமான பட்டியல் எந்தக் கடையிலும் இருக்காது. வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொண்டு கீழே படுத்து அளப்பதே சரியான வழி. முதலில் யோக்கின் துளையில் படிந்திருக்கும் கிரீஸ் கலந்த மண்ணையும் துருவையும் கம்பி பிரஷால் தேய்த்து உலோகம் தெரியும்வரை துடைக்க வேண்டும். வெளிப்பக்கச் சர்க்ளிப் உள்ள யோக் என்றால் துளையின் விட்டத்தையும், இரு காதுகளிலும் உள்ள சர்க்ளிப் காடிகளின் உள்விளிம்புகளுக்கு இடையிலுள்ள தூரத்தையும் அளக்க வேண்டும். ஆக்ஸில் பினியனின் (ஷாஃப்டின் சுழற்சியை ஆக்ஸிலுக்குள் கொண்டுசெல்லும் சிறு பல்சக்கரத்தின்) யோக் பெரும்பாலும் அரைவட்டமாகத் திறந்திருக்கும். கப் பக்கவாட்டில் நகராமல் தடுக்கச் சிறிய உதடுகள் இருபுறமும் இருக்கும். அந்த உதடுகளுக்கு இடையே 3.219 அங்குலம் கிடைத்தால் 1310, 3.625 அங்குலம் கிடைத்தால் 1330 அல்லது 1350. பின்னவை இரண்டையும் பிரித்துக் காட்டுவது அரைவட்டத்தின் விட்டம்தான். இங்கே அவசரப்பட்டு ஸ்கேலை வைத்து அளப்பவர்களுக்கு 27 மில்லிமீட்டரும் 28.6 மில்லிமீட்டரும் ஒன்றுபோலவே தெரியும்.

28.6 மில்லிமீட்டர் என்ற அளவை வேண்டுமென்றே குறிப்பிட்டேன், ஏனெனில் குழப்பம் அதிகம் விளைவது அங்கேதான். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களிலும் சிறு பிக்கப்புகளிலும் பரவலாக வந்த 3ஆர் என்ற ஜாயின்டின் கப் விட்டம் 1.125 அங்குலம், அதாவது அந்த 28.6. அது உட்பக்கச் சர்க்ளிப் வகை. காதுகளின் உட்புறத்தில் பூட்டும் அகலம் 2.594 அங்குலம். தொழிற்சாலையிலிருந்து வந்த பல ஷாஃப்டுகளில் சர்க்ளிப்பே இருக்காது. உருக்கிய நைலானைக் காடிக்குள் செலுத்திக் கப்பைப் பூட்டியிருப்பார்கள். அதைச் சூடாக்கி அழுத்தித்தான் வெளியேற்ற வேண்டும். ஃபோர்டின் ஒன்பது அங்குல ஆக்ஸிலைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: அவற்றுள் சிலவற்றின் யோக், 1330-இன் அகலத்தோடு 1.125 அங்குலக் கப்பை ஏற்கும்.

நம் எடுத்துக்காட்டில் சிக்கல் முழுமையாகவே வந்து நிற்கிறது. 235 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்துக்கொண்டு, ஷெவர்லே எஸ்-10 பிக்கப்பின் ஐந்து வேக டி-5 கியர்பாக்ஸைப் பின்னால் போடுவது பரவலான வழக்கம். அதன் வால் ஷாஃப்டில் 27 பல்; அதற்கு ஏற்ற ஸ்லிப் யோக் எளிதில் கிடைக்கும், ஆனால் கழற்றிய பழைய யோக்காக இருந்தால் அது 3ஆர் அளவில் இருக்க வாய்ப்பு அதிகம். பின்னாலோ எக்ஸ்ப்ளோரர் ஆக்ஸில் 1330-ஐ நோக்கி இழுக்கிறது. முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. முதலாவது, இரு கைகள் ஒரு தொடரின் அளவிலும் மற்ற இரு கைகள் வேறு தொடரின் அளவிலும் செய்யப்பட்ட கலப்பு ஜாயின்ட். இரண்டாவது, ஷாஃப்டைப் புதிதாகச் செய்யும்போதே இரு முனைகளிலும் ஒரே தொடருக்கான யோக்கை வெல்ட் செய்துவிட்டு, ஸ்லிப் யோக்கையும் அதே தொடரில் புதிதாக வாங்கிவிடுவது. எப்படியும் இந்த வண்டிக்கு ஷாஃப்டை அளவெடுத்துப் புதிதாகத்தான் செய்யப் போகிறோம் என்பதால், இரண்டாவது வழியே மேல் என்பது என் கருத்து. கலப்பு ஜாயின்ட் பலவீனமானது என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லிவிட முடியாது. அதன் பலம் இரு தொடர்களில் சிறியதன் பலம்தான், அவ்வளவே. ஆனால் வெளியூரில் ஒரு ஜாயின்ட் தேய்ந்து நின்றுவிட்டால், சாதாரண 1330 எந்த உதிரிபாகக் கடையிலும் அன்றே கிடைக்கும். கலப்பு ஜாயின்டுக்கு ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க நேரலாம்.

எக்ஸ்ப்ளோரர் ஆக்ஸிலில் இன்னொரு தனித்தன்மையும் உண்டு. அதன் பினியனில் அரைவட்ட யோக்குக்குப் பதிலாக நான்கு போல்ட்டுத் துளைகள் கொண்ட வட்டத் தட்டு இருக்கும். அதற்கான போல்ட்டுகளின் தலை பன்னிரு முனை கொண்ட 12 மில்லிமீட்டர் அளவு. இந்தத் தட்டைக் கழற்றிவிட்டுச் சாதாரண யோக்கைப் போடலாம் என்று சிலர் கிளம்புவார்கள். தட்டைப் பிடித்திருக்கும் பினியன் நட் வெறும் நட் அன்று; நசுங்கும் தன்மையுள்ள ஒரு சிறு குழாயை அழுத்தி, பினியன் பேரிங்குகளின் முன்னிறுக்கத்தை நிர்ணயிப்பது அதுதான். கழற்றுவதற்கு முன் பினியனைச் சுழற்றத் தேவையான விசையை அங்குல-பவுண்டு டார்க் ரெஞ்சால் அளந்து குறித்துக்கொள்ளாமல் அதைத் தளர்த்தினால், மறுபடி எவ்வளவு இறுக்குவது என்பதற்கு ஆதாரமே இல்லாமல் போய்விடும். புதிதாகத் தொடங்குபவர் அந்த நட்டைத் தொடாமல், அந்தத் தட்டின் மேலேயே போல்ட் செய்யக்கூடிய ஃபிளேஞ்ச் யோக்கை வாங்குவது நல்லது. அது 1310, 1330 ஆகிய இரு தொடர்களுக்கும் கிடைக்கிறது. வாங்கியதும் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: ஃபிளேஞ்சின் நடுவிலுள்ள வட்டப் புடைப்பு, தட்டின் நடுப்பள்ளத்தில் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும். ஷாஃப்டை மையத்தில் நிறுத்துவது இந்தப் பொருத்தமே. போல்ட்டுகள் இறுக்கிப் பிடிக்க மட்டுமே உதவும். புடைப்பில் ஆட்டம் இருந்தால் எவ்வளவு நன்றாக பேலன்ஸ் செய்த ஷாஃப்டும் அதிரும்.

எந்தத் தொடர் போதும் என்ற கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடலாம். பழைய ஆறு சிலிண்டர் எஞ்சினோடு சாதாரணமாக ஓடும் அரை டன் வண்டிக்கு 1310 தாராளம். மிதமான சிறிய வி-8 எஞ்சின் இருந்தாலோ, ஆக்ஸிலே 1330 அளவில் வந்தாலோ 1330 போடலாம். பெரிய வி-8, பந்தய டயர், கிளட்சை வெடுக்கென்று விடும் பழக்கம் ஆகியவை இருந்தால் 1350. ஆறு சிலிண்டர் வண்டிக்கு 1350 போட்டால் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் பணம் கூடும், யோக்கின் பருமன் கூடும், பயன் கூடாது.

கிரீஸ் நிப்பிள் உள்ள ஜாயின்டா, நிரந்தரமாக மூடியதா என்று நீண்ட விவாதமே நடக்கும். நிப்பிளுக்காகக் கிராஸின் உடலில் துளை போட வேண்டியிருப்பதால் மூடிய வகை சற்றே உறுதியானது. ஆனால் நிப்பிள் உள்ளதில் புது கிரீஸை அழுத்தும்போது உள்ளே புகுந்த நீரும் மண்ணும் சீல் வழியாக வெளியேறிவிடும். மழையிலும் புழுதியிலும் ஓடும் வண்டிக்கு, அவ்வப்போது கீழே படுத்து கிரீஸ் அடிக்கத் தயங்காதவருக்கு, நிப்பிள் உள்ளதையே நான் பரிந்துரைப்பேன்.

இனி கோணத்துக்கு வருவோம். சரியான அளவில் வாங்கிய ஜாயின்டைச் சீக்கிரமே கொல்வது பெரும்பாலும் இதுதான். யு-ஜாயின்ட் வளைந்த நிலையில் சுழலும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் சீராக இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை சற்றே முந்தும், இரண்டு முறை சற்றே பிந்தும். வளைவு 3 டிகிரி என்றால் இந்த ஏற்ற இறக்கம் 0.14 விழுக்காடுதான், 10 டிகிரியில் 1.5 விழுக்காடு, 20 டிகிரியில் 6 விழுக்காட்டைத் தாண்டிவிடும். ஷாஃப்டின் இரு முனைகளிலும் வளைவு சமமாக இருந்து, இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் வெல்ட் செய்யப்பட்டிருந்தால், முன் ஜாயின்ட் உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தைப் பின் ஜாயின்ட் அப்படியே ரத்து செய்துவிடும். கியர்பாக்ஸின் அச்சும் பினியனின் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும் என்ற விதிக்குக் காரணம் இதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. கியர்பாக்ஸின் வால் 3 டிகிரி தாழ்ந்திருக்கிறது. ஷாஃப்ட் பின்னோக்கி 5 டிகிரி இறங்குகிறது. பினியனின் மூக்கு 3 டிகிரி நிமிர்ந்திருக்கிறது. இரு ஜாயின்டுகளிலும் வளைவு 2 டிகிரி. இப்படி அமைந்தால் நல்லது. வளைவே இல்லாமல் நேர்கோடாக வைத்துவிடலாமே என்று தோன்றக்கூடும், அதுவும் தவறு. வளைவு இல்லாத ஜாயின்டில் ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் நின்று அழுத்தி, கிராஸின் கையில் வரிவரியாகக் குழி விழச் செய்துவிடும். அரை டிகிரியாவது வேண்டும், 3 டிகிரிக்குள் இருந்தால் சிறப்பு. ஸ்பைசர் அட்டவணைப்படி நிமிடத்துக்கு 3,000 சுற்றில் 5.8 டிகிரிவரையும், 5,000 சுற்றில் 3.2 டிகிரிவரையும் தாங்கும். ஆனால் அது எல்லை, இலக்காகக் கொள்ளத்தக்கது அன்று. ஷாஃப்டின் வேகத்தைத் தீர்மானிப்பவை டயரின் உயரமும் ஆக்ஸில் விகிதமும் மட்டுமே. ஐந்தாவது கியரில் எஞ்சின் அமைதியாகிவிட்டாலும் ஷாஃப்ட் 60 மைல் வேகத்தில் அதே 2,560 சுற்று சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

லீஃப் ஸ்பிரிங் வண்டியில் இன்னொரு திருத்தமும் தேவை. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது சக்கரம் முன்னோக்கிச் சுழல, ஆக்ஸில் ஹவுசிங் எதிர்த்திசையில் முறுக்கிக்கொண்டு பினியனின் மூக்கு மேலே எழும். டார்க் டியூப் இருந்தவரை இந்த அசைவு இல்லை. எனவே நிற்கும் நிலையில் பினியனை இணை நிலையிலிருந்து ஒன்று அல்லது ஒன்றரை டிகிரி தாழ்த்தி வைத்தால், ஓடும்போது அது எழுந்து கிட்டத்தட்டச் சரியான கோணத்துக்கு வந்துவிடும். மேற்சொன்ன எடுத்துக்காட்டில் பினியனின் மூக்கை 3 டிகிரிக்குப் பதில் 1½ டிகிரி நிமிர்த்தி வைப்பதாக இது முடியும்.

எக்ஸ்ப்ளோரர் ஆக்ஸிலின் பினியன் நடுவில் இல்லை. வலப்பக்கமாக ஏறத்தாழ 2 அங்குலம் தள்ளி இருக்கும். 50 அங்குல ஷாஃப்டுக்கு இது பக்கவாட்டில் 2.3 டிகிரி வளைவைச் சேர்க்கும். மேலிருந்து கீழாக உள்ள 2 டிகிரியும் பக்கவாட்டின் 2.3 டிகிரியும் சேர்ந்து உண்மையான வளைவு ஏறக்குறைய 3 டிகிரியாகிறது (இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது). இரு முனைகளிலும் இந்தக் கூடுதல் வளைவு சமம் என்பதால் அதிர்வு வராது. வளைவின் மொத்த அளவை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். இடப்பக்க நீளக் குழாயை வெட்டிச் சுருக்கி, இரு பக்கமும் குட்டை அரை ஷாஃப்டையே போட்டுப் பினியனை நடுவுக்குக் கொண்டுவருபவர்களும் உண்டு. ஆக்ஸிலின் அகலம் அதற்கேற்பக் குறையும், நேராக வெல்ட் செய்யத் தேர்ந்த கையும் வேண்டும்.

ஆக்ஸிலின் மேல் ஸ்பிரிங் உட்காரும் மேடைகளை வெல்ட் செய்த பிறகு கோணத்தை மாற்றுவது பெரும்பாடு. ஆகவே வண்டியின் முழு எடையும் டயர்களின் மேல் இருக்க, எஞ்சினும் கியர்பாக்ஸும் அவற்றின் மவுன்ட்டில் அமர்ந்த நிலையில், கோண அளவியால் முன்னும் பின்னும் பார்த்து, மேடைகளை முதலில் புள்ளிப் பற்று மட்டும் வைத்து, மறுபடி அளந்த பிறகே முழுமையாக வெல்ட் செய்ய வேண்டும். ஜாக்கியில் தூக்கி ஆக்ஸில் தொங்கும் நிலையில் அளந்த கோணத்துக்கு எந்த மதிப்பும் இல்லை.

ஷாஃப்டின் நீளத்தையும் அதே நிலையில்தான் எடுக்க வேண்டும். ஸ்லிப் யோக்கைக் கியர்பாக்ஸுக்குள் முட்டும்வரை தள்ளி, அங்கிருந்து முக்கால் முதல் ஒரு அங்குலம் வெளியே இழுத்து நிறுத்தி, அதன் கப் மையத்திலிருந்து பின் யோக்கின் கப் மையம் வரை அளந்து பட்டறைக்குக் கொடுக்கலாம். அந்த ஒரு அங்குலம் இல்லாவிட்டால், பள்ளத்தில் வண்டி இறங்கி ஸ்பிரிங் அமுங்கும்போது ஷாஃப்ட் கியர்பாக்ஸின் வாலை உள்ளே குத்தும்.

மாட்டும்போது செய்யும் பிழைகளில் அதிகம் காணப்படுவது, அரைவட்ட யோக்கில் கப்பைப் பிடித்திருக்கும் யு-போல்ட்டின் நட்டை மிகையாக இறுக்குவது. 1310, 1330 தொடர்களின் யு-போல்ட்டுக்கு 14 முதல் 17 அடி-பவுண்டு போதும். கை வலுவையெல்லாம் காட்டி இறுக்கினால் மெல்லிய கப் நீள்வட்டமாகி, உள்ளே ஊசிகள் ஒருபக்கம் சிக்கிக்கொள்ளும். கப்பை வைஸில் அழுத்தி ஏற்றும்போது ஓர் ஊசி சாய்ந்து கப்பின் அடியில் விழுந்துவிட்டாலும் சர்க்ளிப் காடிவரை கப் போகாது. அப்போது சுத்தியலை எடுக்காமல் கப்பை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் மாட்டி முடித்ததும் கிராஸைக் கையால் இருபுறமும் அசைத்தால் எங்கும் சிக்காமல் சீராகத் திரும்ப வேண்டும். முதல் ஓட்டத்தில் ஷாஃப்டின் ஒரு சுற்றுக்கு ஒரு முறை வரும் அதிர்வு தெரிந்தால் பேலன்ஸையும் ஃபிளேஞ்சின் மையப் பொருத்தத்தையும் பார்க்க வேண்டும். சுற்றுக்கு இரண்டு முறை வரும் நுணுக்கமான நடுக்கம் என்றால் கோணத்தை மறுபடி அளக்க வேண்டும். சில நூறு மைல்கள் ஓடிய பிறகு யு-போல்ட் நட்டுகளையும் ஃபிளேஞ்ச் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச் வைத்து இன்னொரு முறை சரிபார்த்துவிட்டால் வேலை முடிந்தது.